கழுவினாலும் போகாத மண்

உருளைக்கிழங்குக்கென்று உலகத்தில் ஒரு தலைமையகம் உண்டு. அது இருப்பது பாலைவனத்தில். பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் ஒரு விரற்கடை தேறாது. மே மாதம் பிறந்துவிட்டால் கடலிலிருந்து ஏறிவரும் சாம்பல் நிற மூட்டம் ஊரின் தலைக்குமேல் மாதக்கணக்கில் நகராமல் நிற்கும். அந்த மூட்டத்துக்குக் கீழே, லா மொலினா என்ற பகுதியில், 1971-ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இருக்கிறது. அங்கே 4,000-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். குளிரறையில் விரல் உயரச் செடிகள், ஆளுக்கொரு கண்ணாடிக் குழாய்க்குள், கூழ் போன்ற ஊட்டத்தில் வேர்விட்டு நிற்கின்றன. நோய் எதுவும் ஒட்டிவிடக்கூடாது என்று மண்ணையே உள்ளே விடுவதில்லை.

நான் வந்திருந்தது மண்ணைப் பார்க்க.

பெருவில் வேளாண்மை படித்த எவரையும் விவசாயிகள் ‘இன்ஹெனியேரோ’ என்று கூப்பிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால் ‘இன்ஹெனியேரா’. எனக்கு வழிகாட்ட ஒப்புக்கொண்டவர் மண் நுண்ணுயிரிகளை ஆராய்கிற ஒரு பெண்மணி. எல்லாரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அவரை இன்ஹெனியேரா என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். லா மொலினாவிலேயே இருந்த அவருடைய ஆய்வகத்தில் முதலில் என் கையில் ஒரு கிழங்கைக் கொடுத்து, “கழுவிக் கொண்டு வாருங்கள்” என்றார்.

குழாயடியில் நின்று கட்டைவிரலால் தேய்த்தேன். பழுப்பு மண் ஓடிவிட்டது. ஆனால் தோல் முழுக்க மிளகளவிலும் அதைவிடச் சிறிதாகவும் கறுப்புப் பொட்டுகள் ஒட்டியபடியே இருந்தன. மறுபடி தேய்த்தும் போகவில்லை. நகத்தால் சுரண்டினால் மட்டும் செதிலாகப் பெயர்ந்து வந்தது.

“அது மண் இல்லை” என்றார். “ரைசோக்டோனியா சொலானி. பூஞ்சை. அடுத்த பட்டம் வரைக்கும் தூங்குவதற்காக அப்படி இறுகிக் கிடக்கிறது.”

இந்தக் கிழங்கையே விதையாக நட்டால் பொட்டு விழித்துக்கொள்ளும். முளை மண்ணுக்கு வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே அதன் கழுத்தில் பழுப்பு நிறப் புண் விழும். சில முளைகள் அங்கேயே செத்துவிடும், வயலில் சொட்டை சொட்டையாக இடம் காலியாக நிற்கும். தப்பி வந்த செடிகளிலும் கிழங்குக்கு உணவு கொண்டுபோகும் மண்ணடித் தண்டுகளை அது கடித்து வைத்திருக்கும். அப்போது செடி கீழே சேர்க்க முடியாத மாவை மேலேயே சேர்க்கிறது. இலைக்கக்கத்தில் பச்சை நிறக் குட்டிக் கிழங்குகள் காய்க்கின்றன. அப்படி ஒரு செடியின் படத்தை அவர் காட்டினார். தெரியாத ஒருவர் பார்த்தால் புது ரகம் என்று மகிழ்ந்துபோவார்.

பிறகு மூடி போட்ட வட்டத் தட்டு ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் அதே பூஞ்சை. பழுப்பு இழைகளாகச் சுற்றிலும் பரவிக்கொண்டிருந்தது. தட்டின் ஓரத்தில் நாலு திசையிலும் நாலு பாக்டீரியாக்களைக் கோடாக இழுத்திருந்தார்கள். இரண்டு கோடுகளைப் பூஞ்சை சட்டை செய்யவேயில்லை, மேலேறிப் போய்விட்டது. மற்ற இரண்டுக்கு முன்னால் விரலகலத்துக்கு வெற்றிடம் விட்டு அப்படியே நின்றுவிட்டது. நுண்ணோக்கியில் அந்த எல்லையோர இழைகளைப் பார்த்தேன். நுனிகள் வீங்கி உப்பியிருந்தன. சில வெடித்து, உள்ளிருந்ததைக் கொட்டியிருந்தன. அந்தக் கோடுகளில் இருந்தவை பேசில்லஸ் இனத்தவை. இட்யூரின், ஃபெங்கைசின் என்று பெயர் கொண்ட, கொழுப்பும் புரதத் துணுக்கும் சேர்ந்த பொருள்களை அவை சுரக்கின்றன. அந்தப் பொருள்கள் பூஞ்சையின் செல்சவ்வில் ஓட்டை போட்டுவிடுகின்றன.

இந்தத் தட்டுச் சோதனை புதியதல்ல. பெரு மலைநாட்டில் நாட்டு ரகங்களின் வேரடி மண்ணிலிருந்து பிரித்த 63 பேசில்லஸ் பாக்டீரியாக்களை லா மொலினா வேளாண் பல்கலைக்கழகத்தாரும் மெக்சிகோ ஆய்வாளர்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பூஞ்சையோடு மோதவிட்டு, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 68 சதவீதம் ரைசோக்டோனியாவை நிறுத்தின. அப்படி நிறுத்தியவற்றில் 91 சதவீதம், கிழங்கை அழுகவைக்கும் ஃபுசேரியத்தையும் நிறுத்தின. இவற்றில் பத்துக்கு எட்டு செடியின் வேரை வளர்க்கும் ஆக்சின் என்ற பொருளையும் தயாரித்தன. பாதிக்கு மேல், மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துக் கொடுத்தன. யாரும் கொண்டுபோய்ப் போடாமல், தானாக அங்கே குடியிருந்தவை இவை. இந்தக் கணக்கைப் படித்த அன்றுதான் பெருவுக்குப் போயே தீரவேண்டும் என்று தோன்றியது.

கிளம்பும் முன் விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கின் கீழே இன்னொரு தட்டை வைத்தார். இருட்டில் அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். நம் ஊர் உரக்கடையில் வெள்ளைத் தூளாகப் பொட்டலத்தில் கிடைக்கிறதே, அதே இனம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பியதில் நெல் விதை நேர்த்தி செய்யும் தமிழ்நாட்டு விவசாயிக்கு இந்தப் பெயர் வாயில் சரளமாக வரும். அது ஒளிர்வதற்குக் காரணமான பொருள்தான் அதன் ஆயுதமும். மண்ணில் அரிதாகக் கரைந்திருக்கும் இரும்பை அது கவ்விக்கொண்டு வந்து தன் பாக்டீரியாவிடம் சேர்த்துவிடும். பக்கத்தில் இருக்கும் கிருமிக்கு இரும்பு மிஞ்சாது. 1980-ல் கலிபோர்னியாவில் ஜோசப் க்ளோப்பரும் அவர் குழுவினரும் நேச்சர் இதழில் இதை எழுதியபோது, அதற்கு முன்பே உருளை விதைத் துண்டுகளில் இந்தப் பாக்டீரியாவைப் பூசி நட்டு வயலில் விளைச்சல் கூடியதைப் பார்த்திருந்தார்கள். வேரடி பாக்டீரியா வைத்தியத்தின் ஆரம்பப் பாடங்களில் ஒன்று உருளைக்கிழங்கில் எழுதப்பட்டது.

மறுநாள் மலையேறினோம். லிமாவிலிருந்து நாங்கள் போகவேண்டிய உவான்காயோ முந்நூறு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஆண்டிஸ் நிற்கிறது. கடல் மட்டத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்டவன் மதியத்துக்குள் 4,818 மீட்டர் உயரமுள்ள டிக்லியோ கணவாயில் இருந்தேன். தொட்டபெட்டாவுக்கு மேல் இன்னொரு தொட்டபெட்டாவை நிமிர்த்தி வைத்தாலும் அந்த உயரத்துக்குச் சற்றுதான் மிஞ்சும். கீழே இறங்கி நாலு அடி வைத்ததும் மூச்சு வாங்கியது, தலைக்குள் யாரோ ஆணி அடித்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் கோக்கா இலையை நீட்டினார், கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். தலைவலி போகவில்லை, வாய்தான் மரத்தது. அதற்கப்புறம் லா ஒரோயாவின் உலோக உருக்காலையும் அதைச் சுற்றி மொட்டையாக வெளுத்துக் கிடக்கும் குன்றுகளும். அந்த ஊரைத் தாண்டியதும் மந்தாரோ பள்ளத்தாக்கு திறந்துகொண்டது. தைல மரங்கள், பழுத்த வாற்கோதுமை, சாலையோரம் அடுக்கி வைத்த கிழங்கு மூட்டைகள். அறுவடைக் காலம்.

பள்ளத்தாக்கின் தரையில் விளைவது பெரும்பாலும் லிமா சந்தைக்கான ரகங்கள்: யுங்கை, கன்சான். பெரிதாக, ஒரே மாதிரி. நாங்கள் போன கிராமம் அதற்கு மேலே, கிட்டத்தட்ட 3,900 மீட்டரில். அங்கே வயல்கள் படி கட்டியவை அல்ல. மலைச்சரிவில் ஒட்டுப் போட்ட துணியாகக் கிடந்தன. எங்களுக்காகக் காத்திருந்த விவசாயி அம்மாவுக்கு, அங்கத்திய மரியாதைப்படி செனியோராவுக்கு, அறுபது வயதிருக்கும். இரட்டைப் பின்னல், தொப்பி, இடுப்பில் அகன்ற பாவாடைகள் ஒன்றின்மேல் ஒன்று. கெச்சுவாவும் ஸ்பானிஷும் கலந்து பேசினார். இன்ஹெனியேரா எனக்கு மொழிபெயர்த்தார்.

குட்டைப் பிடிபோட்ட கொத்தால் ஒரு செடியின் அடியைப் புரட்டினார். வந்து விழுந்தவை ஊதா, அடுத்த செடியில் ரத்தச் சிவப்பு, அதற்கடுத்ததில் கறுப்பு உடம்பில் மஞ்சள் கண்கள். பூமாவின் பாதம் போல விரல் விரித்தது ஒன்று. முண்டும் முடிச்சுமாக இருந்த இன்னொன்றைக் காட்டிச் சிரித்தார்: வீட்டுக்கு வரும் புது மருமகளிடம் இதைத்தான் சீவக் கொடுப்பார்களாம், தோலோடு கிழங்கும் போய்விட்டால் மாமியார் முகம் திரும்பிவிடுமாம். ஒரே வயலில் எத்தனை ரகம் என்று கேட்டதற்கு அவர் எண்ணியதில்லை என்றார். பாட்டி கலந்து நட்டார், அம்மா கலந்து நட்டார், இவரும் கலந்துதான் நடுகிறார். பனி விழுந்தால் ஒன்று போகும், மழை மிஞ்சினால் இன்னொன்று போகும், எல்லாம் சேர்ந்து போனதில்லை.

“இந்த நிலம் இதற்கு முன் எப்போது கிழங்கு பார்த்தது?”

“என் கடைசிப் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்” என்றார். “இப்போது அவனுக்கு மீசை முளைத்துவிட்டது.”

அங்கே சரிவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஓராண்டு உருளை, அடுத்த ஆண்டு ஓக்கா என்ற வேறொரு கிழங்கோ வாற்கோதுமையோ, அப்புறம் வருஷக்கணக்கில் சும்மா விட்டுவிடுகிறார்கள். எந்தப் பகுதி எப்போது என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். தனி ஆள் மீற முடியாது. சும்மா கிடக்கும் காலத்தில் ஆடுகளும் லாமாக்களும் மேய்ந்து சாணம் போடும். மறுபடி நடும்போது கால் வைத்து மிதிக்கும் மரக்கலப்பையால் புல்கட்டியைப் புரட்டிக் கவிழ்ப்பார்கள். இவ்வளவு நீண்ட ஓய்வு எல்லா ஊரிலும் இல்லை இப்போது. நிலம் துண்டுபட்டு, சந்தை இழுத்து, ஓய்வு குறைந்துகொண்டே வருகிறது. இந்த ஊரில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பிந்தி நட்ட ஒரு வரிசையில் செடிகள் இன்னும் பச்சையாக நின்றன. இன்ஹெனியேரா அதில் ஒன்றை மண்ணோடு அள்ளி எடுத்து, மெதுவாக உதறினார். உதிர்ந்ததெல்லாம் தேவையில்லாத மண். உதறியும் போகாமல் வேர்முடிகளோடு ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புத் துகள்கள்தான் வேண்டியவை. மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும் அந்த மெல்லிய உறைக்குள் செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையையும் அமிலங்களையும் கசியவிடுகிறது. அதற்காகவே கோடிக்கணக்கான பாக்டீரியா அங்கே வந்து கூடுகிறது. வேரை வேரடி மண்ணோடு கத்தரித்துப் பையில் போட்டு, எண் எழுதி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.

இந்தக் கூட்டத்தின் வேலையைப் பற்றி நான் அதுவரை யோசித்திருந்தது ஒரு சண்டையாக. விஷம் சுரக்கும், இரும்பைப் பறிக்கும், கொல்லும். வயலில் நின்று அவர் சொன்ன விளக்கம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது: தீபாவளிக்கு முந்தின நாள் நிலையத்துக்குள் பேருந்து நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அது. வேரின் மேற்பரப்பில் சர்க்கரை கசியும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். முன்னால் வந்து பிடித்தவர் உட்காருவார். பூஞ்சை வரும்போது இடமில்லை என்றால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. சண்டை மிச்சத்துக்குத்தான். இதோடு, சில பேசில்லஸ் சுரக்கும் சர்ஃபாக்டின் என்ற பொருளை வேர் உணர்ந்துகொண்டு, வேருக்கு வெகு தூரத்தில் இருக்கும் இலையைக்கூட உஷார்படுத்திவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வேரைத் தொட, முழங்கால் உயரத்தில் இருக்கும் இலை தன் தற்காப்பைத் தயார் செய்கிறது. டிக்லியோ உச்சியைவிட இதுதான் எனக்கு மலைப்பாக இருந்தது.

சாப்பாட்டுக்கும் மண்தான். உழுத வயலின் காய்ந்த கட்டிகளை அடுக்கிச் சின்னக் கூம்பு கட்டி, உள்ளே விறகு எரித்து, கட்டிகள் சிவக்கும்வரை விட்டார்கள். பிறகு தணலைத் தள்ளிவிட்டுக் கிழங்கைக் கொட்டி, கூம்பையே உடைத்து மேலே சரித்து மூடினார்கள். ‘வாத்தியா’ என்று பெயர். தோண்டி எடுத்த கிழங்கின் தோல் வெடித்து, உள்ளே மாவு பூத்திருந்தது. காரசாரமான பச்சைத் துவையல் தொட்டுக்கொள்ள. நான் ஊதாவையே தேடித் தேடி எடுத்ததைப் பார்த்து செனியோரா ஒரு கை நிறைய அள்ளி என் பக்கம் நகர்த்தினார்.

இதையெல்லாம் எழுதும்போது அந்த வயலைச் சொர்க்கம் ஆக்கிவிடும் ஆசை வருகிறது. அப்படி இல்லை. அவர் தோண்டிய கிழங்குகளிலும் சிலவற்றில் அந்தக் கறுப்புப் பொட்டு இருந்தது. காவல் இருக்கிற ஊரில்தான் கள்வனும் இருக்கிறான். அவர் வீட்டு முற்றத்தில் நீலநிறக் கைத்தெளிப்பான் ஒன்று தொங்கியது. கீழ் வயலில் போட்ட யுங்கைக்கு மழைக்காலத்தில் மருந்தடிக்காமல் முடியாது என்றார். ‘ராஞ்சா’ வந்துவிட்டால் ஒரு வாரத்தில் வயலே கருகிவிடும். நீலகிரியில் கருகல் என்கிறோமே, 1845-க்குப் பிறகு அயர்லாந்தில் பத்து லட்சம் பேரைச் சாகவைத்ததே, அதே ஃபைட்டோப்தோரா. அது காற்றில் வந்து இலையில் இறங்குவது. இலையை உஷார்படுத்துவதைத் தவிர வேரடிக் காவலாளியால் அதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உருளைக்கிழங்கு நோய்க்கெல்லாம் பாக்டீரியா மருந்து என்று பொட்டலத்தில் அச்சடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

மண்ணில் இருந்து வரும் நோய்க்கும்கூடத் தட்டில் ஜெயித்தது வயலில் ஜெயிக்கும் என்ற உறுதி இல்லை. தட்டில் இருவர்தான் இருந்தார்கள், சாப்பாடும் தாராளம். வயலில் ஒரு கிராம் மண்ணிலேயே கோடிக்கணக்கில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்; புதிதாக வந்தவனுக்கு அவர்கள் எதற்கு இடம் விடவேண்டும்? வெப்பநாட்டில் வளர்த்த பாக்டீரியா, இரவில் தண்ணீர் உறையும் 3,900 மீட்டரில் நடுங்கிக் கிடக்கும். பேசில்லஸுக்கு ஒரு வசதி உண்டு: நிலைமை மோசமானால் கெட்டியான வித்தாக மாறித் தூங்கிவிடும், அதனால் தூளாக்கிப் பொட்டலத்தில் மாதக்கணக்கில் வைக்கலாம். சூடோமோனாஸுக்கு அந்த வித்தை தெரியாது. கடை அலமாரியில் வெயில்பட்டால் பொட்டலத்தில் வெறும் பவுடர்தான் மிஞ்சும். இன்ஹெனியேரா குளிர்நாட்டு வேர்களைத் தேடி இவ்வளவு உயரம் ஏறுவதன் காரணம் இதுதான். இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்த பாக்டீரியா, இந்த வயலுக்கே திரும்பினால் நிற்கக்கூடும்.

நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனைக்கு செனியோராவிடம் பேச்சு நடந்தது. வரும் அக்டோபர் நடவில் எட்டு வரிசை. நாலு வரிசை விதைக்கிழங்கைப் பாக்டீரியாக் கரைசலில் முக்கி நடுவது, நாலு வரிசை சும்மா நடுவது. அவர் முதலில் கேட்ட கேள்வி, விளையாமல் போனால் யார் பணம் தருவார்கள் என்பது. விதையை இன்ஹெனியேராவே தருவதாகப் பேசி முடித்தார்கள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார்: கீழே யுங்கை வயலில் வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள், மேலே பாட்டியின் கலப்பு வயலுக்குள் வாளியைக் கொண்டுவரக்கூடாது.

“உங்கள் மண்ணில் இருந்து எடுத்ததுதானே” என்றார் இன்ஹெனியேரா.

“அப்படியென்றால் அங்கே ஏற்கெனவே இருக்கிறது” என்றார் செனியோரா. அதற்கு இன்ஹெனியேராவிடம் பதில் இல்லை. குறிப்பேட்டில் ‘கீழ் வயல் மட்டும்’ என்று எழுதிக்கொண்டார்.

லிமாவுக்குத் திரும்பியதும் விடுதிக் குளியலறையில் என் காலணிகளைக் கழற்றி வைத்து, பழைய பல் துலக்கியால் அடிப்பள்ளங்களைச் சுரண்டினேன். இன்ஹெனியேராவின் கட்டளை அது. ஆண்டிஸ் மண்ணில் நல்லவை மட்டும் இல்லை. உருளையின் வேரைத் தின்னும் முட்டைக்கூட்டு நூற்புழுவுக்கும் பிறப்பிடம் இதே மலைதான். செத்த பெண்புழுவின் உடலே நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கு உறையாகி, குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டையாக மண்ணில் பல்லாண்டு காத்திருக்கும். கிழங்கோடு ஒட்டிய மண்ணில் கடல் கடந்து போன அதை, 1961-ல் நீலகிரியில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஊட்டி விதைக்கிழங்கு வெளிமாநிலம் போகத் தடை வந்தது. ஒரு தடவை இறக்குமதி செய்தது போதும்.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் தொட்டியில் ஓடிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்து, மலைக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கும் சொந்த ஊர் உவான்காயோ பக்கம்தானாம். என் கையிலிருந்த துலக்கியை வாங்கி, நான் விட்டிருந்த குதிகால் மடிப்பைக் காட்டி, அங்கேதான் நிறைய ஒட்டும் என்று தானே தேய்க்க ஆரம்பித்தாள்.